கடல் இல்லாத ஊரில் புயல் பார்ப்பவர்கள்

பெங்களூரில் கடல் இல்லை. ஏரிகள் இருந்தன. அவற்றில் தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பஸ் நிலையமாகவும், சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியமாகவும் மாறிவிட்டன. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில், கிழக்குக் கரையிலிருந்து ஏறக்குறைய 300 கி.மீ. தள்ளி இருக்கும் இந்த ஊரில், ஐப்பசி பிறந்துவிட்டால் சிலர் மட்டும் மீனவர்களைப் போல நடந்துகொள்ள ஆரம்பிக்கிறார்கள். காலையில் கண் விழித்ததும் கடல் என்ன செய்கிறது என்று பார்க்கிறார்கள். ஜன்னல் வழியாக அல்ல, செல்போன் வழியாக.

அப்படி ஒருவரோடு 2024 நவம்பர் கடைசி வாரத்தில் அல்சூர் ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்தேன். 18 ஆண்டுகள் மூடப்பட்டுக் கிடந்து 2009இல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை இருப்பது இந்த ஏரிக்கரையில்தான். நண்பருக்கு ஊர் கடலூர், வேலை மென்பொருள் கம்பெனியில், வாடகை வீடு பெல்லந்தூரில். வானம் சாம்பல் பூசியதுபோல இருந்தது. காற்று இல்லை, இடி இல்லை, ஊசி ஊசியாகத் தூறல். டீக்கடைக்காரர் மஃப்ளரைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார்: “என்னா சார், ஊட்டி மாதிரி ஆயிப்போச்சு?”

“அங்க கடல்ல ஒண்ணு சுத்திக்கிட்டு இருக்கில்லண்ணா, அதோட வாலு இது” என்றார் நண்பர், போனிலிருந்து கண்ணை எடுக்காமலே.

பெங்களூர்த் தமிழர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. சிவாஜி நகரிலும் காக்ஸ் டவுனிலும் மூன்று, நான்கு தலைமுறையாக இருக்கும் குடும்பங்களில், நவம்பரில் இப்படிச் சத்தமில்லாத தூறல் விழுந்தால் பாட்டிமார்கள் கேட்கும் முதல் கேள்வி “மெட்ராஸ்ல புயலா?” என்பதுதான். பாட்டியின் விஞ்ஞானம் சரிதான். வங்கக் கடலில் ஒரு சுழல் உருவானால் அதன் மேகக் கூட்டம் பல நூறு கி.மீ. பரவுகிறது. ஈரமான கீழைக் காற்று கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஏறி, மைசூர்ப் பீடபூமிக்கு வரும்போது குளிர்ந்துபோய்த் தூறலாக விழுகிறது. வெயில் மறைகிறது, பகலிலேயே ஸ்வெட்டர் தேவைப்படுகிறது. சென்னைக்குப் புயல் என்றால் மரம் விழுவது. பெங்களூருக்குப் புயல் என்றால் ஜலதோஷம். அப்படித்தான் நானும் அதுவரை நினைத்திருந்தேன்.

அந்த வாரம் கடலில் இருந்த சமாசாரத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. நவம்பர் 25ஆம் தேதி அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். மறுநாள் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். ‘இன்று புயலாகும்’ என்றார்கள், ஆகவில்லை. ‘நாளை கொஞ்ச நேரம் புயலாக இருந்துவிட்டு வலுவிழக்கும்’ என்றார்கள், அதுவும் இல்லை. 29ஆம் தேதி காலையில் ‘புயலாகாமலே கரையைக் கடக்கும்’ என்று ஏறக்குறைய முடிவு செய்த பிறகு, அன்று பிற்பகல் 2.30 மணிக்கு அது புயலாகிவிட்டது. சவூதி அரேபியா கொடுத்து வைத்திருந்த ஃபெஞ்சல் என்ற பெயர் சூட்டப்பட்டது.

வானிலை இலாகாவைக் கேலி செய்வது நம் தேசியப் பொழுதுபோக்கு. ஆனால் இந்த முறை கேலி செய்தவர்களில் புயல் ஆர்வலர்கள் குறைவு. அவர்களும் கூடவே தடுமாறிக்கொண்டிருந்தார்கள் என்பதால் மட்டும் அல்ல. அந்த நூலிழை எவ்வளவு மெல்லியது என்று அவர்களுக்குத் தெரியும். காற்றின் வேகம் மணிக்கு 61 கி.மீ. வரை என்றால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62ஐத் தொட்டால் புயல், பெயர் சூட்டு விழா, டிவியில் சிவப்பு எழுத்து. கடல் நடுவில், கப்பல்கூட இல்லாத இடத்தில், அந்த ஒரு கிலோமீட்டரை மேகப் படத்தையும் சில மிதவைகளையும் வைத்துக்கொண்டு தீர்மானிக்க வேண்டும். ஃபெஞ்சல் இலங்கைக் கரையை உரசிக்கொண்டு ஆமை வேகத்தில் நகர்ந்தது. மேலடுக்கில் அடித்த காற்று அதன் தலையை ஒரு பக்கம் தள்ள, அடிவயிறு இன்னொரு பக்கம் நின்றது. இப்படி நிமிர முடியாமல் சாய்ந்து கிடக்கும் சுழல் எழுந்து நிற்குமா, விழுமா என்று கம்ப்யூட்டர்களே கட்சி பிரிந்து சண்டை போடும்.

அந்தச் சண்டையைப் பார்ப்பதில்தான் இவர்களுக்கு ருசி. ஐரோப்பிய மையத்தின் கணிப்பு ஒன்று, அமெரிக்கக் கணிப்பு ஒன்று. ஐரோப்பியர்கள் தொடக்க நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி 50 முறை கூடுதலாகவும் கணக்குப் போடுகிறார்கள். அத்தனை பாதைகளையும் ஒரே வரைபடத்தில் போட்டால் வருவதை மேல்நாட்டார் ஸ்பகெட்டி என்கிறார்கள். நாம் இடியாப்பம் என்று சொல்லலாம். இழைகள் ஒட்டிக் கிடந்தால் நம்பலாம். நெல்லூரிலிருந்து நாகப்பட்டினம்வரை பிரிந்து கிடந்தால் அன்று தூக்கம் இல்லை.

அட்லாண்டிக் பக்கம் இதே ஜாதி ஆட்கள் நிறைய. ஆப்பிரிக்காவிலிருந்து மேற்கே புறப்படும் வெப்ப மண்டலக் காற்றலை ஒவ்வொன்றையும் ‘இது ஹரிகேன் ஆகுமா?’ என்று வாரக்கணக்கில் துரத்துவார்கள். ஹரிகேன், டைஃபூன், சைக்ளோன் எல்லாம் ஒரே பொருளின் மூன்று முகவரிகள். சைக்ளோன் என்ற சொல்லே நம் கல்கத்தாவில் பிறந்தது. அங்கே இருந்த ஹென்றி பிடிங்டன் என்ற ஆங்கிலேயர் 1840களில் உருவாக்கினார். நமக்கும் விருந்தாளிகள் கிழக்கிலிருந்துதான் வருகிறார்கள். 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் தென்னையை எல்லாம் சாய்த்த கஜா, தாய்லாந்து வளைகுடாவில் கருவாகி, மலாய்த் தீபகற்பத்தைத் தாண்டி வந்தது.

பெங்களூரில் இந்தப் பித்து ஏன் இத்தனை பேருக்கு என்று கேட்டால் எளிய பதில் ஒன்று உண்டு. இங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களில் ஏராளமானவர்களுக்குச் சொந்த ஊர் கரையோரம்: நெல்லூர், சென்னை, புதுச்சேரி, நாகை. உடம்பு 900 மீட்டர் உயரத்தில் பத்திரமாக இருக்கிறது. அப்பா, அம்மா கடல் மட்டத்தில் இருக்கிறார்கள். சாய் பிரணீத் என்ற இளைஞரை 2021 ஜூலையில் பிரதமர் மோடி தன் வானொலி உரையில் குறிப்பிட்டார். திருப்பதிக்காரர், பெங்களூரில் மென்பொருள் எஞ்சினியர். வானிலைத் தகவல்களைப் பல இடங்களிலிருந்து திரட்டி, ஆந்திர விவசாயிகளுக்குத் தெலுங்கிலேயே சொல்லிவந்தார். ‘ஆந்திரா வெதர்மேன்’ என்றால் அங்கே தெரியும். நம் பக்கத்துக்குச் சென்னையின் பிரதீப் ஜான் இருக்கிறார். 2015 பெருவெள்ளமும் 2016 வர்தா புயலும் அவரை வீட்டுப் பெயராக்கின. ஒரு தலைமுறைக்கு முன் ‘ரமணன் சார் என்ன சொன்னார்?’ என்று டிவி முன்னால் காத்திருந்த ஜனங்கள்தான் இவர்களுடைய வாசகர்களும்.

இன்னொரு காரணம் ஊரின் ரத்தத்திலேயே இருக்கிறது. 1890களில் சென்ட்ரல் காலேஜின் பிரின்சிபால் ஜான் குக், மைசூர் சமஸ்தானத்துக்காக வானிலைப் பதிவுகளை முறைப்படுத்தினார். இன்றைய வானிலை மையம் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், பேலஸ் ரோட்டில் இருக்கிறது. சர் சி.வி. ராமனிடம் வைரங்களை ஆராய்ந்த அன்னா மணி, பின்னால் வானிலை இலாகாவின் கருவிகளையே சுதேசியாக்கியவர். ஓய்வு பெற்ற பிறகு காற்றையும் சூரிய வெப்பத்தையும் அளக்கும் கருவிகள் செய்ய ஒரு பட்டறை வைத்ததும் பெங்களூரில்தான். இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பருவமழையின் மேகப் பட்டையை ஆராய்ந்த சுலோசனா காட்கில் 2025இல் காலமானார். பாவகடா நிலக்கடலை விவசாயிகளோடு உட்கார்ந்து எப்போது விதைப்பது என்று கணக்குப் போட்ட பேராசிரியை அவர். இன்சாட் செயற்கைக்கோள்கள் உருப்பெறுவது இங்கே. அவற்றின் கடிவாளம் ஹாசனில். ஸ்ரீஹரிகோட்டாவில் புயலைப் பார்க்கும் ரேடாரை இஸ்ரோவோடு சேர்ந்து செய்தது ஜாலஹள்ளியில் இருக்கும் பாரத் எலெக்ட்ரானிக்ஸ். வேடிக்கை என்னவென்றால், ரேடார் செய்யும் இந்த ஊர் நெடுங்காலம் தனக்கென ஒரு டாப்ளர் ரேடார் இல்லாமலே இருந்தது. தன் தலைக்கு மேல் வரும் மழையைத் தெரிந்துகொள்ளப் பெங்களூர் சென்னையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆனால் மழையை அளப்பதில் கர்நாடகம் கெட்டி. எலஹங்காவில் இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் இருக்கிறது. 1988இல் வறட்சியைக் கவனிக்க ஆரம்பித்த சிறிய பிரிவு அது. இன்று கிராமப் பஞ்சாயத்து அளவில் தானியங்கி மழைமானிகளை வைத்துக்கொண்டு 15 நிமிடத்துக்கு ஒரு முறை கணக்கு வாங்குகிறது. எந்தப் பேட்டையில் எத்தனை மில்லிமீட்டர் என்று பெங்களூர் ஆர்வலர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால் ரஞ்சிக் கோப்பை ஸ்கோர் சொல்வதுபோல இருக்கும்.

கிரிக்கெட் என்றதும் அதே ஆண்டு அக்டோபர் ஞாபகம் வருகிறது. அப்போதும் வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம். சென்னைக்கு 16ஆம் தேதி ரெட் அலர்ட். வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் வரிசையாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். 2015 பட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மண்டலம் கொஞ்சம் வடக்கே ஒதுங்கிவிட்டது. 16ஆம் தேதி சென்னைக்குப் பயந்த மழை வரவில்லை. வந்தது பெங்களூருக்கு. சின்னசாமி ஸ்டேடியத்தில் நியூசிலாந்துடன் முதல் டெஸ்ட். முதல் நாள் டாஸ்கூடப் போட முடியாமல் முழுசாகக் கழுவிக்கொண்டு போயிற்று. தண்ணீரை உறிஞ்சி எடுக்கும் நவீன வடிகால் உள்ள மைதானம் என்ற பெருமை அன்று பயன்படவில்லை. மறுநாள் மேகமூட்டத்துக்குக் கீழே இந்தியா பேட்டிங்கைத் தேர்ந்தெடுத்து 46 ரன்னில் சுருண்டது. உள்நாட்டில் நம் மிகக் குறைந்த ஸ்கோர். வானிலைப் பிரியர்களிடம் கேட்டால் மாட் ஹென்றிக்கு ஐந்து விக்கெட், மீதி வங்கக் கடலுக்கு என்பார்கள்.

இந்தச் சிரிப்பு நவம்பரில் இல்லை. பெயர் சூட்டுவதற்கு முன்னாலேயே அது ஆள் எடுக்க ஆரம்பித்துவிட்டது. 26ஆம் தேதி, இங்கே நாம் ‘ஆகுமா, ஆகாதா’ என்று பந்தயம் கட்டாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தபோது, இலங்கையின் அம்பாறை மாவட்டத்தில் காரைதீவுப் பக்கம் மதரஸா மாணவர்களை ஏற்றிவந்த டிராக்டர் வெள்ளத்தில் புரண்டது, பிள்ளைகள் இறந்தார்கள். அன்றைய தேதியில் அது புயல் அல்ல. வெறும் மண்டலம்.

30ஆம் தேதி சனிக்கிழமை. சென்னை விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். பெல்லந்தூரில் நண்பர் வீட்டு ஹாலில் இரண்டு லேப்டாப்பும் ஒரு டிவியும் ஒரே கடலைக் காட்டிக்கொண்டிருந்தன. சாயங்காலத்திலிருந்து புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் வந்து, கரைமேல் ஒரு காலை வைத்துக்கொண்டு நகர மறுத்தது. ராத்திரி பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் நடுவில் கடந்துவிட்டது என்று அறிவித்தார்கள். புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை. கடலூரிலிருந்து அவருடைய அம்மா பேசினார்கள்: “கரண்ட் இல்லப்பா, மத்தபடி ஒண்ணும் இல்ல. மழ விட்டுப்போச்சு. நீ போய்த் தூங்கு, எத்தன நாளா முழிச்சிக்கிட்டு இருக்க.”

அவர் தூங்கினார். டிவிகாரர்களும் குடையை மடக்கினார்கள். ‘கரையைக் கடந்தது’ என்பது நம் செய்திகளில் ஒரு முற்றுப்புள்ளி. பத்திரிகைகளின் முதல் பக்கத்திலிருந்து புயல் இறங்குவது அந்த வாக்கியத்தோடுதான். ஆர்வலர்களும் இந்த விஷயத்தில் விதிவிலக்கல்ல என்பதை நண்பரே ஒப்புக்கொள்கிறார். சுழலின் கண் எங்கே, மையம் எங்கே, எந்த ஊரில் ஏறும் என்பதுதான் ஆட்டம். ஏறிய பிறகு அது அழிந்துகொண்டிருக்கும் ஒரு மேகக் குப்பை. அதில் அழகு இல்லை.

அந்தக் குப்பை டிசம்பர் 1ஆம் தேதி மேற்கே, அதாவது எங்களை நோக்கி, மெதுவாக நடந்தது. மெதுவாக என்பதுதான் விபரீதம். வேகமாக ஓடும் புயல் காற்றால் அடிக்கும். மெதுவாக நடப்பது தண்ணீரால் அடிக்கும். அன்று சாயங்காலம் திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஒரு வீட்டின் மேல் இறங்கியது. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். ராத்திரி முழுக்கக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கொட்டியது. மறுநாள் காலை எட்டரை மணிக்கு ஊத்தங்கரையின் மழைமானியில் 50 செ.மீ. பஸ் நிலையத்துப் பக்கம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் தீப்பெட்டிகளைப்போல ரோட்டில் மிதந்து போனதை நாடே வீடியோவில் பார்த்தது.

ஊத்தங்கரை கடலோரம் அல்ல. பெங்களூர்க்காரர்கள் திருவண்ணாமலைக்குக் கிரிவலம் போகும்போது டீ குடிக்க நிறுத்துகிற ஊர். கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 50 கி.மீ. புயல் எச்சரிக்கைக் கூண்டு எந்தத் துறைமுகத்தில் எத்தனாவது எண் ஏற்றினாலும் ஊத்தங்கரைக்காரர் ஏறிட்டுப் பார்க்கக் காரணம் இல்லை. அங்கே விழுந்த தண்ணீருக்கும் புதுச்சேரியில் விழுந்த தண்ணீருக்கும் அளவில் வித்தியாசம் இல்லை. ஒன்றுக்கு ஏழு நாள் காத்திருந்தோம். இன்னொன்று விழும்போது தூங்கிக்கொண்டிருந்தோம்.

இங்கே பூகோளம் கொஞ்சம் சொல்ல வேண்டும். தென்பெண்ணை ஆறு, கன்னடத்தில் தட்சிண பினாகினி, பெங்களூருக்கு வடக்கே நந்தி மலைப் பக்கத்தில் பிறக்கிறது. பெங்களூரின் கிழக்கு ஓரமாக இறங்கி, ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி, பிறகு கிருஷ்ணகிரி அணை, அதன் பிறகு ஊத்தங்கரைப் பக்கத்து ஓடைகளையும் பாம்பாற்றையும் வாங்கிக்கொண்டு சாத்தனூர் அணை. அங்கிருந்து திருக்கோவிலூர், விழுப்புரம் மாவட்டம் வழியாகக் கடலூர் அருகே கடலில் சேர்கிறது. புயல் கடலிலிருந்து எடுத்துவந்த தண்ணீரைப் பீடபூமியின் படிக்கட்டுகளில் கொட்டினால், அது திரும்பிப் போகும் வழி இதுதான்.

டிசம்பர் 2ஆம் தேதி சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. முன்கூட்டிச் சொல்லவில்லை என்று எதிர்க்கட்சிகளும், ஐந்து முறை எச்சரித்தோம் என்று அரசும் வாதாடின. தண்ணீர் இந்த விவாதம் முடியும்வரை காத்திருக்கவில்லை. விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களைத் தாண்டிக் கடலூருக்குள் வந்தது. நண்பரின் அம்மா மறுபடி போன் செய்தபோது அவர் ஆபீசில் இருந்தார். வீதியில் முழங்கால் அளவு தண்ணீர், பக்கத்து வீட்டு மாடிக்குப் போகிறேன் என்றார்கள். வெளியே மழை இல்லை. வானத்தில் கொஞ்சம் வெளிச்சம்கூட இருந்ததாம்.

“நான் கிழக்கேயே பாத்துக்கிட்டு இருந்தேன். அது பின்வாசல் வழியா வந்திடுச்சு” என்றார் என்னிடம். அம்மா பத்திரமாக இருந்தார்கள்; ஃப்ரிட்ஜும் அரிசி மூட்டையும் போயின. அதற்காக அவர் அழவில்லை. ஆனால் தன் அத்தனை படங்களிலும் வரைபடங்களிலும் அந்த ஆறு இல்லை என்பது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஃபெஞ்சலின் மிச்சம் டிசம்பர் 3ஆம் தேதி அரபிக் கடலில் இறங்கியது. 2016 வர்தாவும் இப்படித்தான், ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு எங்கள் தலைக்கு மேலே நடந்து போனது. பெங்களூரில் தூறல் நின்றது, ஸ்வெட்டர்கள் பீரோவுக்குள் போயின. கடலின் பெயர்ப் பட்டியலில் அடுத்தடுத்த பெயர்கள் வரிசையில் நின்றன. 2020இல் 13 நாடுகள் சேர்ந்து போட்ட 169 பெயர்களில் இந்தியா கொடுத்தவற்றில் ஒன்று நல்ல தமிழ்: முரசு. அந்தப் பெயரைக் கேட்டால் நம்மவர்களுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். அது எந்த ஊரில் முழங்குகிறது என்பதைப் பொறுத்தது.

பிறகு ஒரு நாள் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். லேப்டாப்பில் வழக்கமான மேகப் படம், இடியாப்பப் பாதைகள். பக்கத்தில் புதிதாக ஒரு நோட்டுப் புத்தகம். கட்டம் போட்டு, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, பாம்பாறு, சாத்தனூர் என்று நான்கு அணைகளின் நீர்மட்டம் பேனாவில் எழுதியிருந்தது. ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார். கீழே பெல்லந்தூர் ஏரி, ஆகாயத்தாமரையும் அழுக்குமாக. அங்கிருந்து வழியும் தண்ணீர் வர்த்தூர் ஏரிக்குப் போகிறது, அதிலிருந்து தென்பெண்ணைக்கு. “இதுவும் எங்க ஊருக்குத்தான் போகுது சார். எத்தன நாள்ல போய்ச் சேரும்னு கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கேன்” என்றார்.